சுகரும் பாதமும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 14 வருஷமாக சுகர். உள்ளங்காலில் முள் ஏறியதே தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். தரையில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தோம். வலியே இல்லை என்கிறார். பயப்பட வேண்டாம்தானே?

பதில்: வலி இல்லாததுதான் இங்கே கோளாறு. சுகர் ஏறியே கிடந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. அதனால் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். நமக்குக் காலில் அடிபட்டால் நொண்டுவோம், புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். அப்பா நொண்ட மாட்டார். ஒவ்வொரு அடிக்கும் புண் நசுங்கிக்கொண்டே இருக்கும்.

முள்ளை எடுத்துவிட்டாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மர முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் தேவைப்படலாம். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி பற்றியும் கேளுங்கள். புண்ணைச் சுற்றி சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள்.

கேள்வி: ராத்திரியில் பாதம் எரிகிறது. வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எரிச்சல் இருக்கிற காலிலேயே சூடு தெரியாமலும் போகும். தோல் கொப்புளித்த பிறகுதான் தண்ணீர் கொதித்தது புரியும். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுபவர் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், சரிசெய்யவும் முடியும்.

கேள்வி: கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டர் ஒட்டலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணி எது, நல்ல தோல் எது என்று பார்ப்பதில்லை. பிளேடால் நீங்களே சீவவும் வேண்டாம். ஆணிக்கு நடுவே கறுப்பாகப் பொட்டு தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்து புண் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. காயமில்லை, வலியும் அதிகமில்லை. ஆன்டிபயாடிக் இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை.

பதில்: மேலும் நடக்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் இது. சார்கோ பாதமாக இருக்கலாம். உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கி மூட்டுகள் விலகும். தொடக்கத்தில் எக்ஸ்ரே நன்றாகவே இருக்கும், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். இரண்டு பாதங்களுக்கும் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் அந்தப் பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். "வீக்கம்தானே" என்று நடந்தால் பாதவளைவு சரிந்து, அடிப்பக்கம் படகு மாதிரி புடைத்துவிடும்.

கேள்வி: எம்சிஆர் செருப்பு (சுகர்காரர்களுக்கான மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு) என்று சொல்லிச் சாதாரண ரப்பரைத் தருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உள்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நன்றாக அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அடிசோல் மட்டும் முள் ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். விரலிடுக்கு வார் ஆகாது. குதிகாலில் பின்வார் வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் விட்டு, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வாங்குங்கள். கோயில் பிரகாரக் கல் உச்சி வெயிலில் சுட்டுப் பொசுக்கும். விடியற்காலை தரிசனமே நல்லது.

கேள்வி: பாதம் நன்றாக இருக்கிறது, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.1. கண், கிட்னியும் பார்க்க வேண்டுமா?

பதில்: வருஷம் ஒரு முறை, இரண்டும். அவையும் வலிக்காமல் கெடுகிறவைதான். கிட்னியிலிருந்து புரதம் கசிகிறதா என்று காட்டும், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்குள் (மி.கி./கிராம்) இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அது தாமதமாகத்தான் ஏறும். கண்ணுக்கு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கடைப் பரிசோதனை இதற்கு ஆகாது.

கேள்வி: புண் முழுசாக ஆறிவிட்டது. இனி பழைய செருப்பே போதுமா?

பதில்: புண் ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வருகிறது. நரம்பு ஆறவில்லை, தோல்தான் ஆறியது. அந்தப் பழைய செருப்பைத் திருப்பி, எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தழும்பு இருக்கிற இடத்துக்கு நேர் கீழேதான் இருக்கும்.