மூழ்கிக் கிடக்கும் கப்பலை இரவில் நண்பருடன் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பயமாக இருக்காதா?

பார்த்திருக்கிறேன். பயமும் இருந்தது. ஆனால் அது வந்த இடம் வேறு.

நாங்கள் போனது இந்தோனேசியாவின் பாலித் தீவில், துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலுக்கு. 1942 ஜனவரியில் லோம்போக் நீரிணைப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாயும் குண்டு, இதன் மேல் பட்டது. துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியில் துலாம்பென் கரையிலேயே ஏற்றிவிட்டார்கள். அங்கே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. 1963-ல் அகுங் எரிமலை பொங்கியபோது அப்படியே கடலுக்குள் சரிந்துவிட்டது. டார்பிடோ அரைகுறையாக விட்டதை எரிமலை முடித்துவைத்தது.

இப்போது கரைக்கு மிகப் பக்கத்தில், ஒருக்களித்துக் கிடக்கிறது. மேல் பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டரை நெருங்கும். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். இரவு டைவுக்கு இது பெரிய வசதி. நடுக்கடலில் மேலே வந்து படகு எங்கே என்று தேடும் கவலை இல்லை.

எனக்குப் பயம் வந்தது அந்த நடையில்தான். கரை முழுக்க உருண்டைக் கருங்கற்கள். முதுகில் காற்று டேங்க், இடுப்பில் மூழ்குவதற்கான ஈயக்கட்டி, ஒரு கையில் டார்ச். அலை காலை இழுக்கும்போது கல்லும் சேர்ந்து உருளும். இடறி விழுந்தால் முட்டி போய்விடும். நண்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "டேய், பேய்க்குப் பயப்படச் சொன்னாங்க, கல்லுக்குப் பயப்படச் சொல்லலையே" என்று புலம்பிக்கொண்டே வந்தான். தண்ணீருக்குள் தலை போனதும் அந்தப் பயம் போய்விட்டது.

அடுத்த சில நிமிடங்கள் ஒன்றுமே தெரியாது. டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்க் கருப்பில் கரைந்துவிடும். திடீரென்று அதற்குள் ஒரு இரும்பு விலா வரும், அப்புறம் இன்னொன்று. முழுக் கப்பலையும் கடைசிவரை பார்க்கவே முடியாது. 120 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலை ஒரு தாம்பாளம் அளவு வட்டம் வட்டமாகத்தான் பார்த்து முடிக்கிறோம். அன்று காலையிலேயே ஒருமுறை இறங்கி எது எங்கே என்று மனதில் வாங்கியிருந்ததால் வழி பிடிபட்டது. இல்லாவிட்டால் தலைகால் புரிந்திருக்காது.

நிறம் மட்டும் பகலைவிட இரவில்தான் நன்றாக இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. அதனால் பகலில் கொஞ்சம் ஆழம் போனாலே எல்லாம் நீலச் சாம்பலாகிவிடும். டார்ச் அடித்தால் வெளிச்சம் பக்கத்திலிருந்தே வருவதால், அந்தச் சாம்பல் சுவரே ரத்தச் சிவப்பும் ஆரஞ்சுமாக எழுந்து நிற்கிறது. காலையில் சுருங்கிக் கிடந்த பவளங்கள் இரைக்காகக் கைகளை விரித்திருந்தன. இரும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு மூடியிருக்கிறது.

அப்புறம் தூங்கும் மீன்கள். பம்ப்ஹெட் கிளிமீன் என்று ஒன்று, நெற்றியில் பெரிய முண்டோடு, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். இரவில் அவை கப்பலின் மறைவுகளில் ஒதுங்கிவிடும். ஒரு தகட்டுக்கு அடியில் டார்ச்சைத் திருப்பியதும், ராத்திரியில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. பெரிய பெரிய உடம்புகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒன்றின் கண் மட்டும் எங்கள் பக்கம் மெதுவாக உருண்டது. வெளிச்சத்தை உடனே கீழே இறக்கினோம். தூக்கம் கலைந்து மிரண்டால் இரும்பில் மோதிக் காயப்பட்டுக்கொள்ளும். சிங்கமீன்கள் வேறு ரகம். நம் டார்ச் எந்தச் சின்ன மீன் மேல் விழுகிறதோ அதைப் பிடிக்கக் கூடவே வரும். நமக்கு அது வேடிக்கை, அந்தக் குட்டி மீனுக்குக் கதை முடிந்தது. அதனால் எதன் மேலும் வெளிச்சத்தை நிறுத்திவைக்காமல் நகர்த்திக்கொண்டே போனோம்.

நண்பனோடு பேச்சு முழுக்க டார்ச்சில்தான். தரையில் வட்டம் போட்டால் 'சரியா?', பதிலுக்கு அவனும் வட்டம் போட்டால் 'சரி'. பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ஆபத்து, உடனே வா. கை சைகை காட்டுவதென்றால் கையை வெளிச்சத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். முகத்தில் அடிக்கவே கூடாது, அடித்தால் அவனுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது. கரையில் வாய் ஓயாதவன், கீழே அவனுடைய வெளிச்சம் என் பக்கத்திலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமலே அவன் இருக்கிறான் என்று தெரிந்தது. ஒருவரோடு சேர்ந்து இறங்குவதில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்.

'உள்ளே' போனீர்களா என்று கேட்பீர்கள். இந்தக் கப்பல் உடைந்து திறந்து கிடப்பதால், மேலே திறந்த இடங்களில் நுழைந்து வந்தோம். கூரையுள்ள அறைகளுக்குள் போகவில்லை. ஓரிடத்தில் நண்பன் ஒரு துவாரத்தில் வெளிச்சம் அடித்துவிட்டு என்னைப் பார்த்தான். கையை ஆட்டி மறுத்தேன், முறுக்கிக்கொள்ளாமல் திரும்பிவிட்டான். பகலில் உள்ளே மாட்டினால் வாசல் இருக்கும் பக்கம் நீலமாகத் தெரியும். இரவில் எல்லாப் பக்கமும் ஒரே கருப்பு. காலில் மாட்டியிருக்கும் துடுப்பு (ஃபின்) ஒருமுறை அடியில் பட்டால் வண்டல் கிளம்பி டார்ச்சும் உதவாது. நாம் விடும் மூச்சுக் குமிழிகள் பட்டே கூரையிலிருந்து துரு உதிரும். உள்ளே போகிறவர்கள் வாசலில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே போவார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஆபத்துக்கு என்று கணக்கு வைப்பார்கள். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. அது இல்லாமல் நுழைவதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் மணலில் உட்கார்ந்து டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டோம். கையை வீசினால் விரல் நுனிகளிலிருந்து பச்சை நீலப் பொறி பறந்தது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் சீண்டப்பட்டதும் விடும் ஒளி அது. நிலா இல்லாத நாளில்தான் நன்றாகத் தெரியும். நண்பன் வாயில் கவ்வியிருந்த மூச்சுக் கருவிக்குள்ளேயே (ரெகுலேட்டர்) கத்தியது எனக்குக் கேட்டது.

போக ஆசை இருந்தால்: ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் பயிற்சியில் 18 மீட்டர்வரைதான் எல்லை, இந்தக் கப்பலின் கீழ்ப்பகுதிக்கு அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு பயிற்சி வேண்டும். ஆளுக்கு இரண்டு டார்ச், டேங்கில் ஒரு சின்ன விளக்கு, இடம் தெரிந்த கைடு ஒருவர். முதல் தடவை நள்ளிரவுக்கெல்லாம் போக வேண்டாம். அந்தி மங்கும் நேரத்தில் இறங்கினால் கண் மெல்லப் பழகிவிடும், இருட்டுவதையும் கீழிருந்தே பார்க்கலாம்.