தாழ்மை என்றால் வீண்பழியையும் சுமக்க வேண்டுமா?

"சபைக் கணக்கில் என்மேல் பழி சொல்கிறார்கள். கிறிஸ்தவளாக இருந்தால் தாழ்மையோடு வாயை மூடிக்கொண்டு விலகிவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ ஞாயிறு பள்ளியிலோ பொறுப்பில் இருப்பவர், வயதில் சின்னவர் என்று நினைக்கிறேன். மூத்தவர்களிடம் யாரும் தாழ்மை கேட்பதில்லையே.

நான் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. வசன எண்ணோடு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வர வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிவகாசிப் பக்கம் எங்கள் ஊர். கைப்பிடி அரிசி தெரியுமா? தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப்பானையில் போட்டு வைப்பது. மாதக் கடைசியில் அதை வீடு வீடாகச் சேர்த்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எல்லா ரகமும் கலந்து கிடக்கும், மாவுக்குத்தான் ஆகும். அந்தப் பொறுப்பு என் மாமியாரிடம் இருந்தது. அத்தைக்குக் கண் மங்கியதால் நோட்டு எழுதியது நான். (மாமியாரைப் புகழ்கிற மருமகளா என்று கமென்ட் போடுபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஆண்டுக் கூட்டத்தில் கமிட்டி அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். இத்தனை குடும்பம், வீட்டுக்கு இவ்வளவு அரிசி, ஆக இவ்வளவு பணம் வந்திருக்க வேண்டும், வந்ததோ அதில் பாதிதான், மீதி எங்கே போச்சு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கோயில், அதாவது எங்கள் சர்ச், அப்படியே அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு பாட்டி, "பேசாம உட்காரு தாயி, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தார்.

அத்தை உட்காரவில்லை. "அண்ணாச்சி, எந்த மாசக் கணக்குல சந்தேகம்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்தை இப்பவே வாசிக்கச் சொல்றேன்" என்றார். குரல் உயரவே இல்லை. அவருக்கு மாதம் சொல்லத் தெரியவில்லை. "எல்லா வீட்லயும் தர்றாங்கன்னு வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. எல்லா வீட்லயும் தர்றதில்லை, அவ்வளவுதான்" என்று அத்தை சொன்னதும் கூட்டத்தில் ஒருவர், "அப்போ தராதவங்க பேரை வாசிங்க" என்று கத்தினார்.

நோட்டு என் மடியில் இருந்தது. அதே அண்ணாச்சி வீட்டுப் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் வெறும் கோடு. எனக்குக் கை பரபரத்தது. அத்தை என் பக்கம் திரும்பாமலே நோட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "காணிக்கை குடுக்காதவங்க பேரைக் கோயில்ல வாசிக்கிற வழக்கம் நமக்கு இல்லை. போதகர் ஐயா நோட்டை வாங்கிப் பாக்கட்டும்" என்றார். ஐயா வாங்கிப் புரட்டினார், அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார், "கணக்கு சரியா இருக்கு" என்று மூடிக் கொடுத்தார்.

இயேசுவையே ஒரு சேவகன் அறைந்தபோது அவர் மறு கன்னத்தைக் காட்டியதாக யோவான் எழுதவில்லை. நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் தகாததை ஒப்புவி, அதாவது தவறை நிரூபி, என்று கேட்டதாகத்தான் அவருடைய சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாக்கோபும் தன் நிருபத்தில், பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும் சாந்தமும்" என்று அந்த வரிசையில்தான் எழுதுகிறார். கணக்கைச் சுத்தமாகக் காட்டிவிட்டுத்தான் அத்தை சாந்தத்துக்கு வந்தார்.

எங்கள் பக்கம் தாழ்மைக்கு உதாரணம் கேட்டால் ராக்லாந்து ஐயர் என்ற ஆங்கிலேய மிஷனரியைச் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் 1841இல் கணிதத்தில் நான்காவதாக வந்தவர். சென்னையில் மிஷன் செயலாளர் பதவியை விட்டுவிட்டு, 1854 முதல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டுத் தங்கி ஊழியம் செய்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார். பெரிய மனிதர்தான். ஆனால் அவர் விட்டது தன் சொந்தப் பதவியை. அவரைச் சொல்லி உங்களை வாயை மூடச் சொன்னால் அது வேறு விஷயம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போதெல்லாம் தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்துக்கே ஆள் உயரத்துக்குப் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். கீபோர்டு சத்தத்தில் கீர்த்தனையின் ஒரு வரி காதில் விழுவதில்லை. சரி, அது தனிக் கேள்வி.

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. அடுத்த கமிட்டித் தேர்தலிலும் ஜெயித்தார். அத்தை மாதாமாதம் அவர் வீட்டு வாசலிலும் பையோடு போய் நின்றார். சில மாதம் அரிசி வந்தது, சில மாதம் வரவில்லை.

நீங்கள் பழி சொன்னவரிடம் எந்தத் தேதி, எந்த ரசீது, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போதகர் முன்னிலையில் நோட்டை வையுங்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அதற்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள்.