சுவருக்கு அந்தப் பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லெனேசியாவில் இருந்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் எங்களுக்கு எதிக்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த வாரமே, துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா கேன்டீனில் மீந்த சோற்றை டப்பாவில் எடுத்துப் போவதைப் பார்த்தேன். விதிப்படி புகார் செய்தேன். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ‘இது தர்மமா?’ என்கிறாள் என் மனைவி. எதிக்ஸ், மொராலிட்டி இரண்டுக்கும் என்ன வேறுபாடு? தமிழில் எது அறம், எது ஒழுக்கம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எதிக்ஸ் கிரேக்கச் சொல். அதற்கு ஈடாக லத்தீனில் ரோமானிய அறிஞர் சிசரோ உண்டாக்கிய சொல்லிலிருந்து வந்ததுதான் மொராலிட்டி. பிறப்பில் இரண்டும் ஒன்றே, பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். தமிழில் ஒழுக்கம் என்றால் ஒழுகுவது. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி ஊர் போகும் வழியில் போவது. அந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், யார் வயலுக்குப் போகிறது என்று கேட்டால் அறம். போதுமா? அகராதி இதற்கு மேல் உதவாது.

என்னைக் குத்தியது ‘விதிப்படி’ என்ற சொல். இந்தத் தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அதை இவ்வளவு லேசாக எழுத எப்படி வருகிறது தம்பி? 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஆனது. கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் தாலியோடு குடும்பம் நடத்திய நம் பெண்கள் ஒரே நாளில் விதிப்படி வைப்பாட்டிகள். என் ஆயாவின் அம்மாவும் அதில் ஒருத்தி.

1972-இல் எனக்குப் பத்து வயது. டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் முனிசிபாலிட்டி கட்டிய ஒட்டு வீடு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே தனியாக இருந்த அக்காவைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவார். காரை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஆயாவுக்குப் பிடிக்காது. “என்ன ஒழுக்கமோ” என்று சுவருக்குக் கேட்கும்படியே சொல்வாள். அப்போது வெள்ளையரோடு மற்ற இனத்தார் சேர்ந்தால் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டத்தின் பெயரே ஒழுக்கக்கேட்டுச் சட்டம். அந்தப் பிரிவு 1985 வரை உயிரோடு இருந்தது.

ஒரு விடியற்காலை போலீஸ் வந்தது. தெருவில் விதி தெரிந்த யாரோ, உங்களைப் போல ஒருவர், தகவல் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர் அதற்குள் போய்விட்டார். மெத்தையில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்களாம். விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார்கள். ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் நடுவில். ராத்திரி ஆண் குரல் கேட்டதா?

“ரேடியோ பாடிச்சு, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லு” என்றாள் ஆயா.

அவர் இருமியதை நானே கேட்டிருந்தேன். பொய் சொன்னதற்காக ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் வாங்கிய அடி இன்னும் உள்ளங்கையில் இருந்தது. நல்லவேளை, ரேடியோவை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சொன்னேன்.

உடனே ‘பொய்மையும் வாய்மை இடத்த’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஆயாவுக்குக் குறள் தெரியாது. அன்று மதியம் பச்சைக் கரை போட்ட தன் விரிப்பை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் அந்த வீட்டில் கடைசிவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா செய்தது தப்பு என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பைப் பார்த்தால் புகார் செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

சரி, அந்த டப்பாவில் எவ்வளவு சோறு இருந்தது? நீங்கள் எழுதவில்லை. அவர் வீட்டில் எத்தனை பேர் என்றும் எழுதவில்லை. குப்பைக்குப் போகிற சோற்றுக்கு யார் சொந்தக்காரர்? கோபப்படாதீர்கள். உறுத்தாமல் இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். நாளைக்கே போய், புகாரைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேளுங்கள். துணைக்கு உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள், அவருக்குப் பேசத் தெரிகிறது.

அந்தத் தைப்பூசத்துக்கு அக்கா ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். ஆயா வாங்கி மேடையில் வைத்தாள், தொடவில்லை. “தூக்கைக் கழுவிக் குடுத்துட்டு வா” என்று மட்டும் என்னிடம் சொன்னாள். கழுவுவதற்கு முன்னால் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நானும் தம்பியும் குடித்தோம். முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.