பேச்சில் தமிழ் வாடை அடித்தால் விமானி ஆக முடியாதா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சி முடியும் கட்டத்தில் இருக்கிறேன். ஆங்கிலம் பேசுவேன், ஆனால் வாயைத் திறந்தாலே எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும். விமானிகளின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் இ.எல்.பி. தேர்வில் உச்சரிப்பாலேயே தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. "40,000 ரூபாய் கொடுங்கள், உச்சரிப்பை மாற்றி ஆறாம் நிலை வாங்கித் தருகிறேன், நாலாம் நிலை இருந்தால் வேலையே கிடைக்காது" என்கிறார் ஒருவர். ஆர்.டி.ஆர். தேர்ச்சி பெற்றுவிட்டேன். அது போதாதா, ஐயா?

பதில்: தம்பி, முதலில் அந்த 40,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்.டி.ஆர். போதாது. அது விமானத்தில் வானொலிக் கருவியை இயக்குவதற்கான உரிமம். இத்தனை காலம் தொலைத்தொடர்புத் துறை நடத்தி வந்தது. 2024-இன் பாரதிய வாயுயான் சட்டம் அதை விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கையில் கொடுத்திருக்கிறது. இ.எல்.பி. தனித் தேர்வு. இரண்டும் வேண்டும்.

இனி உச்சரிப்பு. இ.எல்.பி. தேர்வின் அளவுகோலை வகுத்தது ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. மொத்தம் ஆறு நிலைகள், நாலாம் நிலை வந்தால் தேர்ச்சி. தாய்மொழியின் சாயல் நாலாம் நிலைக்காரருக்கு இருக்கலாம், சில சமயம் மட்டும் கேட்பவருக்குச் சிரமம் கொடுக்கலாம் என்று அந்த அளவுகோலே அனுமதிக்கிறது. ஆறாம் நிலைக்குக்கூடச் சாயல் இருக்கக்கூடாது என்ற விதி கிடையாது. புரிவதற்குத் தடையாக அநேகமாக ஒருபோதும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். லண்டன்காரரைப் போலப் பேசுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வானொலியில் மூன்றை 'ட்ரீ' என்றும் ஆயிரத்தை 'டவ்சண்ட்' என்றும் சொல்வதுதான் முறை. ஆங்கிலேயரின் 'த்'தை ஐ.சி.ஏ.ஓ.வே அங்கே கைவிட்டுவிட்டது. பிறகு உச்சரிப்பை மாற்ற எதற்கு 40,000?

நம் பையன்களின் உண்மையான கோளாறு வேகம். நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டாமல் பேச வேண்டும் என்பது வானொலிப் பேச்சுக்கான நெறி. தேர்வறையில் பதற்றத்தில் அதைப்போல இரண்டு மடங்கு ஓடுகிறார்கள், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறார்கள். பதினைந்து (ஃபிஃப்டீன்) பயணிகளா ஐம்பது (ஃபிஃப்டி) பயணிகளா என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. 'ஒன் ஃபைவ்' என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் குழப்பம் தீர்ந்தது. இதற்கு வகுப்பு எதுவும் வேண்டாம். செல்போனில் உங்கள் பேச்சைப் பதிவு செய்து மறுநாள் போட்டுக் கேளுங்கள், போதும்.

மதிப்பிடுவது ஆறு அம்சங்களை: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிதல், உரையாடும் திறன். சராசரி போடமாட்டார்கள். ஆறில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் நிலை. ஐந்து அம்சங்களில் ஐந்தாம் நிலை வாங்கி உரையாடலில் மட்டும் 3 வாங்கினால் உங்கள் சான்றிதழில் 3-தான். உச்சரிப்பையே நினைத்துப் பயந்துகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த உரையாடலில்தான்.

காரணம், மனப்பாடம். பயிற்சி மையம் என்ற பெயரில் நடப்பதில் பாதி இதுதான். விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் டாக்ஸிவே என்ற பாதையின் ஓரச் சேற்றில் லாரி ஒன்று சிக்கி நிற்கும் படத்தை ஒரு தேர்வில் காட்டினோம். எதிரே இருந்த பையன் மூச்சு விடாமல், தீயணைப்பு வண்டி வந்தது, நுரை பீய்ச்சினார்கள், பயணிகளைச் சறுக்குமரம் வழியாக இறக்கினார்கள் என்று ஒப்பித்துக்கொண்டே போனான். படத்தில் தீயும் இல்லை, பயணியும் இல்லை. இன்னொரு பெண், "பேர்ட் ஹிட் லெஃப்ட் இன்ஜின், வைப்ரேஷன் இஸ் இன்க்ரீஸிங், வீ வான்ட் டு கம் பேக்" என்று சொல்லி நிறுத்தினாள். இலக்கணம் கொஞ்சம் இடிக்கிறது, ஆனால் எனக்குத் தேவையான அத்தனையும் அதில் இருந்தது. தேறியது அந்தப் பெண்தான்.

புரியாவிட்டால் 'சே அகெய்ன்' (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்டால் மதிப்பெண் போகுமா என்றும் பலர் கேட்கிறார்கள். போகாது. எதிர்பாராத சூழ்நிலையில் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகலாம், விளக்கம் கேட்கலாம் என்று நாலாம் நிலையிலேயே இடம் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. முழுச் செய்தியையும் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னால் அது விளக்கம் கேட்டதாகாது, புரியவே இல்லை என்றுதான் எழுதுவார்கள். எது விட்டுப்போனதோ அதை மட்டும் கேளுங்கள். உயரம் காதில் விழவில்லையா? 'சே அகெய்ன் ஆல்டிட்யூட்'. பாதி கேட்டதா? கேட்டதைச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அதற்கு மதிப்பெண்கூட உண்டு. ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி கேட்கும் பகுதியில் மட்டும் இது செல்லாது. பதிவு எத்தனை முறை ஓட வேண்டுமோ அத்தனை முறைதான் ஓடும், நீங்கள் கேட்டாலும் மறுபடி போடமாட்டார்கள். அது எத்தனை முறை என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தெரியாமல், எதற்கெடுத்தாலும் 'ரோஜர்' (செய்தி கிடைத்தது) போட்டுத் தலையாட்டுகிறார்களே, அவர்கள்தான் நேராக மூன்றாம் நிலைக்குப் போகிறார்கள்.

இந்தத் தேர்வு வந்த கதையே தலையாட்டலின் ஆபத்துதான். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானிகளின் ஆங்கிலப் போதாமையும் விசாரணையில் காரணமாகப் பேசப்பட்டது. 1998-இல் ஐ.சி.ஏ.ஓ. தீர்மானம் போட்டது, 2003-இல் விதி எழுதியது, 2008-இல் அமல் என்றது, அப்புறம் தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் கொடுத்தது. 15 வருடம்! அதன் பிறகும் அளவுகோலை மட்டும் கொடுத்துவிட்டு, தேர்வை எப்படி நடத்துவது என்பதை ஒவ்வொரு நாட்டின் தலையிலும் கட்டிவிட்டார்கள். இடைத்தரகர்களுக்கு இடம் கிடைத்ததும் இந்தச் சந்தில்தான்.

உங்களிடம் பேசியவர் ஒருவேளை 'ஐ.சி.ஏ.ஓ. சான்றிதழ்' என்றும் சொல்லியிருப்பார். ஐ.சி.ஏ.ஓ. எந்த விமானிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. நம் ஊரில் உங்கள் உரிமத்தில் நிலையைப் பதிவது டி.ஜி.சி.ஏ. நிலையை முன்கூட்டியே உறுதி சொல்ல யாராலும் முடியாது. மொழி தெரிந்தவர் ஒருவர், விமானத் தொழில் தெரிந்தவர் ஒருவர் என்று குறைந்தது இருவர் மதிப்பிட வேண்டும், அவர்கள் முரண்பட்டால் மூன்றாமவர் பார்க்க வேண்டும் என்பதுதான் ஐ.சி.ஏ.ஓ. வழிகாட்டி நூல் சொல்லும் முறை. பயிற்சி கொடுப்பவரே தேர்வும் வைக்கக்கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. 'எங்களிடமே படியுங்கள், எங்களிடமே எழுதுங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இதற்குச் செல்லாது, அதையும் சிலர் விற்கிறார்கள்.

நாலாம் நிலை இருந்தால் வேலை இல்லை என்பதும் பயமுறுத்தல். சர்வதேசப் பறத்தலுக்கான குறைந்தபட்சமே அதுதான். ஒரு நிறுவனம் அதற்கு மேல் கேட்டால் அதன் வேலை விளம்பரத்திலேயே இருக்கும், பாருங்கள். வித்தியாசம் மறுதேர்வில்தான்: நாலாம் நிலைக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்துக்கு 6 ஆண்டுக்கு ஒரு முறை, ஆறுக்குக் கிடையாது. முதல் தடவையிலேயே ஆறுக்கு ஓடத் தேவையில்லை.

ஐ.சி.ஏ.ஓ. மதிப்பிட்ட மாதிரிப் பேச்சுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலாம் நிலைப் பதிவுகளைக் கேளுங்கள். உங்களைவிடத் தடித்த உச்சரிப்புகளை அதில் கேட்பீர்கள், பயம் போய்விடும். தினமும் ஒரு விபரீதத்தை எடுத்துக்கொண்டு, உதாரணமாகப் பயணிக்கு நெஞ்சு வலி, சக்கரம் இறங்கவில்லை என்று, ஆங்கிலத்தில் நண்பரிடம் விளக்குங்கள். நடுவே குறுக்குக் கேள்வி போடச் சொல்லுங்கள். தேர்வு மையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை டி.ஜி.சி.ஏ.விடமே சரிபார்த்த பிறகு, கட்டணத்தை மையத்தின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ஆளின் கூகுள் பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.