மறதியை யார் அளப்பது? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

மறதி நோய் பற்றிய உங்கள் கட்டுரையில், மருத்துவர் தேதி கேட்டதும் அப்பா பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்ததை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் நர்ஸ். வட ஒன்டாரியோவில் ஒரு சிறிய பூர்வகுடி ஊருக்குச் சில வாரங்கள் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புவேன். சென்ற மாதம் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு ஞாபகச் சோதனை வைத்தோம். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டேன். சிங்கத்தைச் சொன்னார். மற்ற இரண்டையும் பார்த்துச் சிரித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். பேத்தி மொழிபெயர்த்தாள். "எதற்குக் கழிக்க வேண்டும் என்று கேட்கிறார்" என்றாள். கடைசியில் மதிப்பெண் 30க்கு 11. வெளியே வந்த அதே பாட்டி, ஏரியின் எந்தப் பக்கம் பனிக்கட்டி மெலிந்திருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுப்பை அணைக்க மறந்து இரண்டு முறை வீடு புகை மண்டியதும் உண்மை.

குடும்பத்தினர், "பாட்டி மறுபடியும் குழந்தையாகிறாள், அது இயல்புதான், நோய் என்று எழுதாதீர்கள்" என்கிறார்கள். நான் வற்புறுத்தலாமா? அந்த மதிப்பெண் தவறு என்று எனக்குத் தோன்றுவது வெறும் பரிதாபமா? இன்னொன்று, ஒரு பல்கலைக்கழகக் குழு ஆய்வுக்கு வரப்போகிறது. ஆட்களைச் சேர்த்துத் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

– ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

ஊர்ப் பெயரையும், பாட்டியை அடையாளம் காட்டக்கூடிய சில வரிகளையும் எடுத்துவிட்டே உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். நானூறு ஐந்நூறு பேர் வாழும் ஊரில் அவ்வளவு சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

முதலில் மதிப்பெண். அந்தப் பதினொன்றை நம்பாதீர்கள். அதற்காகப் பாட்டிக்கு ஒன்றுமில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். அடுப்பு விஷயத்தில் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்க அந்தப் படிவம் உதவவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வைத்தது 2005இல் வெளியான மாண்ட்ரியல் சோதனை. கனடாவிலேயே உருவானது. ஆனாலும் கனடாவின் வடக்கில் வாழும் ஒருவருக்கு அதிலுள்ள ஒட்டகத்தோடு என்ன உறவு? அதற்கு முன்னால், 1975இலிருந்து உலகமெங்கும் புழங்கும் இன்னொரு சோதனை இருக்கிறது. "நாம் எந்த மாடியில் இருக்கிறோம்?" என்பது அதில் ஒரு கேள்வி. ஊரில் மாடிக் கட்டடமே இல்லையென்றால் பாட்டி என்ன சொல்வார்? பள்ளியில் அதிகம் படிக்காதவர்களுக்கு மாண்ட்ரியல் சோதனை ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் உள்ள ஒரு தலைமுறைக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் வெறும் பரிதாபமா என்று கேட்டிருந்தீர்கள். இதே சந்தேகம் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி பகுதியில் வேலை செய்த மருத்துவர்களுக்கும் வந்தது. டினா லோஜூடிச்சே, லியோன் ஃபிளிக்கர் போன்றவர்கள் அங்குள்ள பூர்வகுடிச் சமூகங்களோடு சேர்ந்து ஒரு புதிய சோதனையை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, "இது பென்ஷன் வாரமா?" என்பது. தேதி தெரியாத முதியவருக்கும் பென்ஷன் வரும் வாரம் தெரியும். வீட்டில் யார் யார் வருவார்கள், கடையில் என்ன வாங்கலாம் என்று அந்த வாரத்தைச் சுற்றித்தான் எல்லாமே நடக்கும். அது குழம்ப ஆரம்பித்தால் நிஜமாகவே ஏதோ குழம்புகிறது என்று பொருள்.

அப்புறம் ஒரு சீப்பு, ஒரு குவளை, ஒரு தீப்பெட்டி. அவற்றின் பெயரைக் கேட்பார்கள், எதற்குப் பயன்படும் என்று கேட்பார்கள். பிறகு முதியவர் பார்க்கும்போதே அவற்றை மறைத்து வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து எது எங்கே என்று கேட்பார்கள். மக்கள் வேட்டையாடும் விலங்குகளின் பெயரையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். பாட்டிலைத் திறந்து குவளையில் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்வார்கள். கழித்தல் கணக்கு கிடையாது. மொத்தம் 39 மதிப்பெண். குடும்பத்தாரிடம் கேட்கவும் தனிக் கேள்விகள் உண்டு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தச் சோதனையைக் கொண்டு கிம்பர்லியில் 45 வயதைத் தாண்டிய 363 பேரை ஆராய்ந்தார்கள். 2008இல் முடிவு வந்தது. 12.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பொதுமக்களில் அதே வயதினரிடம் அது 2.4 சதவீதம். ஐந்து மடங்குக்கும் மேல்! ஊருக்கேற்ற கேள்வி கேட்டால் நோய் குறைவாகத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிம்பர்லியில் அது உள்ளபடி தெரிந்தது. தலையில் பட்ட அடி, பக்கவாதம், புகைபிடித்தல், பள்ளிப் படிப்பே கிடைக்காதது ஆகியவற்றோடு நோய்க்குத் தொடர்பு இருப்பதும் தெரிந்தது. ஆகவே உங்கள் சந்தேகத்தைப் பரிதாபம் என்று தள்ளிவிடாதீர்கள். அதைப் பின்தொடர்ந்து போனவர்கள்தான் அங்கே நோயின் அளவையே கண்டார்கள்.

அந்தச் சோதனையை அப்படியே தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வரவும் முடியாது. அதன் படங்களில் ஈமு இருக்கிறது, முதலை இருக்கிறது. ஹூரான் ஏரிக்கரையில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிறிஸ்டன் ஜாக்லின் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்த ஏரியிலுள்ள மனிடூலின் தீவில் ஏழு முதற்குடிச் (First Nations) சமூகங்களோடு பல காலம் உட்கார்ந்து, கேள்வி கேள்வியாக அங்கு வாழும் அனிஷினாபே மக்களின் மூத்தோரிடமும் மொழி அறிந்தவர்களிடமும் கேட்டு மாற்றினார்கள். 2020இல் அது கனடியப் பூர்வகுடி அறிதிறன் மதிப்பீடு என்று வெளியானது. உங்கள் நர்சிங் ஸ்டேஷனில் அது கிடைக்குமா என்று விசாரியுங்கள். உங்கள் ஊர் பேசுவது கிரீ என்ற வேறொரு பூர்வகுடி மொழி என்றால் அதையும் அப்படியே பயன்படுத்தாமல் மறுபடி ஊராரோடு உட்கார வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும் வேலைதான். குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கிரீ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1993இல் வட மானிடோபாவின் இரண்டு கிரீ குடியிருப்புகளில் 192 முதியோரையும், வின்னிபெக் நகரில் ஆங்கிலம் பேசும் 241 முதியோரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் இரு பக்கமும் மறதி நோய் 4.2 சதவீதம்தான். ஆனால் அல்சைமர் வகை கிரீ மக்களிடம் 0.5 சதவீதம், நகரத்தாரிடம் 3.5 சதவீதம். அந்த ஆய்வுக்காக உருவாக்கிய கேள்வித்தாள் பிறகு நைஜீரியாவின் இபாதானுக்குப் போனது. '10/66' என்ற ஆய்வுக் குழு வழியாக லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று சுற்றியது. ஏழை நாடுகளின் கிராமங்களில் மறதி நோயை அளக்க உலகம் பயன்படுத்திய கருவி கிரீ பாட்டி தாத்தாக்களோடு பேசிப் பேசி உருவானது என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். அதில் ஒரு பகுதி, முதியவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் கேட்கும் கேள்விகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

அல்சைமர் அரிது என்றால் அது ரத்தத்தில் வருகிறதோ என்று சிலர் கேட்பார்கள். பொலிவியாவின் சிமானே மக்களிடம் 2022இல் வெளியான ஆய்வில் அறுபதைத் தாண்டியவர்களில் சுமார் ஒரு சதவீதத்தினருக்கே மறதி நோய். மீன் பிடித்து, வேட்டையாடி, பயிர் செய்து, நாளெல்லாம் உடம்பு அசைய வாழ்கிறவர்கள். கிம்பர்லியின் பூர்வகுடிகளும் ஒரு காலத்தில் வேட்டையாடி, நாளெல்லாம் உடம்பு அசைய வாழ்ந்தவர்கள்தான். நிலமும் உணவும் நடையும் பறிபோன இடத்தில் ஐந்து மடங்கு.

இப்போது "குழந்தையாகிறாள்" என்ற சொல்லுக்கு வருவோம். அந்தக் குடும்பம் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் செக்வெபெம்க் பூர்வகுடி மூத்தோரும் ஆய்வாளர்களிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள்: வாழ்க்கை வட்டம் முழுமையாகச் சுற்றி வருகிறது என்று. இந்தப் பார்வையில் ஒரு பெரிய நன்மை உண்டு. மறதி வந்தவரை யாரும் வீட்டுக்குள் மறைப்பதில்லை, வெட்கப்படுவதில்லை. நகரத்தில் என் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. விருந்தாளிகள் வரும்போது அவரை உள்ளறையில் உட்கார வைத்தோம். நான்தான் உட்கார வைத்தேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கனடாவில் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. அவற்றில் கடைசிப் பள்ளிகள் 1990களில்தான் மூடப்பட்டன. உங்கள் பாட்டி அந்தத் தலைமுறை. மறதி நோய் சிலரிடம் பின்னால் கற்ற மொழியை முதலில் கொண்டுபோகலாம். சமீப நினைவுகளை அழித்துப் பழையவற்றை விட்டுவைக்கும். நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், சீருடை போட்ட ஆள், மணியடித்தால் சாப்பாடு, நேரம் பார்த்துக் குளியல். முதியோர் இல்லத்தின் ஒழுங்கு முழுவதும் அந்தப் பள்ளியின் ஒழுங்கு போலவே இருக்கிறது. எட்டு வயதுக்குத் திரும்பிவிட்ட ஒரு மனதுக்கு இது 2020களின் இல்லமா, அந்தப் பள்ளியா என்று எப்படித் தெரியும்? ஆங்கிலம் போய்த் தன் மொழி மட்டும் மிஞ்சிய ஒருவர், அந்த மொழியில் வாய் திறக்கவே பயப்படலாம். அவர் மௌனத்தைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று குறிப்பு எழுதிவிடுவோம். "நோய் என்று எழுதாதீர்கள்" என்று குடும்பம் சொல்லும்போது, "எங்கள் பாட்டியை மறுபடி கொண்டுபோகாதீர்கள்" என்று சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் பேசாமலும் இருந்துவிடாதீர்கள். இயல்பு என்ற சொல்லைக் கேட்டதும் சுகாதாரத் துறைக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாமே என்று. அதை நான் ஏற்கமாட்டேன். பாட்டி வட்டத்தைச் சுற்றி முடிக்கட்டும், ஆனால் வீடு தீப்பிடிக்காமல் இருக்கட்டும். தானாக அணையும் அடுப்பு, பேத்திக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, வீட்டுக்கு வரும் உள்ளூர் உதவியாளர் என்று என்னென்ன கேட்க முடியும், அதற்கு எந்தத் தாளில் எந்தச் சொல் எழுதப்பட வேண்டும் என்பதைக் குடும்பத்திடம் திறந்து சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது. அதற்கு முன்னால் காது கேட்கிறதா என்று பாருங்கள். தைராய்டு, பி12, மனச்சோர்வு, அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பாருங்கள். குணமாகக்கூடிய ஒன்று இதில் ஒளிந்திருந்தால் அதைத் தவறவிடுவது பாவம்.

தூரம் பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். ஆனால் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மார்கன் குழுவினர் 2004இல் கிராமத்தாருக்கென ஒரு ஞாபக மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பல மாதம் பல பயணமாக இழுக்கும் பரிசோதனைகளை ஒரே நாளில் ஒரே இடத்தில் முடித்து, தொடர் கவனிப்பின் ஒரு பகுதியை வீடியோ வழியாக ஊரிலேயே கொடுத்தார்கள். 'எளிதில் எட்ட முடியாத மக்கள்' என்று அறிக்கைகளில் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மக்கள் அவரவர் ஊரில்தான் இருக்கிறார்கள்.

கடைசியாக ஆய்வுக் குழு. அவர்களை நான்கு விஷயம் கேளுங்கள். சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம்? எதை ஆராய்வது என்று தீர்மானிப்பது யார்? ஊரார் கேட்டால் தங்கள் தகவலைப் பார்க்க முடியுமா? அது எங்கே, யார் கையில் இருக்கும்? இவை நான் யோசித்தவை இல்லை. கனடாவின் முதற்குடிகள் 1998இல் வகுத்துக்கொண்ட நெறிகள். அவர்கள் ஏன் இவ்வளவு கறார் என்று யாராவது கேட்டால் ஹவாசுபாய் மக்களின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள். நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் அவர்களைக் கேட்காமலேயே ஆராய்ந்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

நீங்கள் ஆள் சேர்த்துக் கொடுக்கும் இடத்தில் நிற்காதீர்கள். மருந்து கொடுக்கும் நர்ஸ் கேட்டால் யாரும் மறுக்கத் தயங்குவார்கள். குழுவினரை ஊர்க் கவுன்சிலிடம் நேரே அனுப்புங்கள். அவர்கள் மூத்தோரோடு உட்கார்ந்து பேசி, ஊரிலேயே இருவருக்குச் சம்பளம் கொடுத்து வேலையில் சேர்த்து, முடிவுகளை அந்த மொழியில் வந்து சொல்லத் தயார் என்றால் சந்தோஷமாக உதவுங்கள்.

அடுத்த முறை போகும்போது படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு பேத்தியோடு தேநீர் குடியுங்கள். போன வருடம் பாட்டி எதைச் செய்துகொண்டிருந்தார், இந்த வருடம் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். கைவேலை செய்கிறவர் என்றால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரனுக்குச் சொன்ன பனிக்கட்டி வழி சரியாக இருந்ததா என்று அவனிடமும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா