அடவுக்கு அப்பால்: வாசகர் கேள்வி – பதில்

சமகால நடன அரங்கு (டான்ஸ் தியேட்டர்) பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

அரங்கேற்றம் முடிந்துவிட்டது. இனி டான்ஸ் தியேட்டர் செய்யப்போகிறேன் என்றால், "கலாக்ஷேத்ரா ராமாயணம் மாதிரிதானே?" என்கிறார்கள் வீட்டில். என்ன சொல்ல? பரதம் கற்றது வீணா?
– வாசகி, தஞ்சாவூர்

மாதிரி இல்லை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி 1944இல் மேடையேற்றிய குற்றாலக் குறவஞ்சியிலும், பின்னால் வந்த ராமாயண வரிசையிலும் கதை கையில் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆடுபவர் ஒரு பாத்திரத்துக்குள் போகிறார். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நடன அமைப்பாளர் பினா பவுஷ் 1973 முதல் செய்தது வேறு. அவருடைய 'கஃபே முல்லர்' (1978) படைப்பில் மேடையெங்கும் நாற்காலிகள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறாள். அவள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒருவர் ஓடி ஓடி நாற்காலிகளைத் தள்ளுகிறார். இன்னார் மகள், இன்ன ஊர் என்று எதுவும் சொல்லப்படுவதில்லை.

கற்றது வீணாகாது. பவுஷே எஸ்ஸன் நகரின் ஃபோக்வாங் பள்ளியில் குர்ட் யோஸிடம் முறையாகப் பயின்றவர்தான். சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா 'அங்கிகா'வை (1985) பரதம், களரி, யோகம் மூன்றையும் வைத்தே கட்டினார். உங்கள் அரைமண்டியை (முழங்கால் மடக்கி நிற்கும் பரத நிலையை) யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. முகத்தில் ஒட்டியிருக்கும் அந்த நிரந்தரப் புன்னகையைத்தான் கழற்றிவைக்க வேண்டியிருக்கும்.

நான்கு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்துவிட்டோம். பாட்டும் தேர்வு செய்தாயிற்று. முதல் படைப்பை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோவை

முதலில் அந்தப் பாட்டை எடுத்து ஒரு மாதம் பரணில் போடுங்கள். முதல் நாளே பாட்டு ஓடினால் நான்கு உடம்பும் தாளத்துக்குப் பின்னால் போய்விடும். எல்லா அசைவும் எட்டாவது அடியில் ஒரே மாதிரி வந்து முடியும்.

1978இல் பொகூம் நகரில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தை வைத்து வேலை செய்தபோது, பவுஷ் ஆடுபவர்களுக்கு அசைவு சொல்லிக்கொடுக்காமல் கேள்வி கேட்டார். பிறகு அதுவே அவர் வேலை செய்யும் முறையாகிவிட்டது. பதில் பேச்சாக வரலாம், சைகையாக வரலாம், ஆட்டமாகவும் வரலாம். வந்ததில் பெரும்பகுதி மேடைக்கு வராது.

கேள்வி குறிப்பாக இருக்கட்டும். 'சோகத்தைக் காட்டு' என்றால் நவரசத்தில் ஒன்று வந்து நிற்கும். 'பஸ் கிளம்பிப் போன பிறகு, வழியனுப்ப வந்தவரின் கை என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். யோசிக்கப் பத்து நிமிடம் போதும். செய்து காட்டுவதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் எடுங்கள். முன்னால் மட்டும் எடுத்தால் உடம்பின் எடை எந்தக் காலுக்கு, எப்போது மாறியது என்பது தெரியாது. மறுநாள் கை வரும், அசைவு வராது. அன்றைக்கே நோட்டில் ஆள், கேள்வி, எடை எந்தக் காலில், மூச்சு எங்கே விட்டார் என்று எழுதிவிடுங்கள்.

பிறகு ஒரு பதிலை எட்டு எண்ணிக்கைக்குள் சுருக்குங்கள். இன்னொருவரைச் செய்யச் சொல்லுங்கள். முதுகு காட்டிச் செய்யட்டும், பாதி வேகத்தில் செய்யட்டும். திரும்பத் திரும்பச் செய்வதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 'கஃபே முல்லர்' காட்சி ஒன்றைப் பாருங்கள். ஒரு ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாமவர் வந்து அவர்கள் கைகளைப் பிரித்து, அவளைத் தூக்கி அவன் கைகளில் கிடத்துகிறார். அவன் கை தளர, அவள் தரையில் விழுகிறாள். உடனே எழுந்து மறுபடி கட்டிக்கொள்கிறாள். அவர் மறுபடி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடுகிறது. கடைசியில் அவர் போன பிறகும் இருவரும் தாமாகவே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வரிசை மாறவே இல்லை. மாறியது வேகம் மட்டும்தான். நீங்களும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வேகம், இடைவெளி, ஆள் எண்ணிக்கை, இவற்றில் ஏதாவது ஒன்று.

துண்டுகள் இருபதானதும் ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதித் தரையில் பரப்பி வரிசையை மாற்றிப் பாருங்கள். நால்வருக்கும் சம பங்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தால், நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டியது எழுபதுக்குப் போய் நிற்கும். வரிசை நின்ற பிறகு பரணிலிருந்து பாட்டை இறக்கலாம். பெரும்பாலும் அது பொருந்தாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

41 வயது. இப்போது தொடங்கலாமா?
– வாசகி, மதுரை

தாராளமாக. 'அங்கிகா' வந்தபோது சந்திரலேகாவுக்கு 56. பவுஷ் தன் 'கோன்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000இல் 65 வயது தாண்டியவர்களை வைத்தே மேடையேற்றினார். தரையில் விழுந்து எழும் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து, மெத்தையில் தொடங்குங்கள்.

மண்டபத்தில் ஒத்திகை பார்க்கிறோம். இரண்டு பேருக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி. வார்ம்-அப் போதவில்லையா?
– வாசகர், சேலம்

வார்ம்-அப்பைவிடத் தரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் துளியும் அமுங்காது. குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் எலும்புக்குத்தான் போகிறது. மேலே வைனில் விரிப்பு மட்டும் போட்டால் வழுக்காது, அவ்வளவுதான். அதிர்ச்சியை அது வாங்காது.

8×4 அடி, 12 மி.மீ. ப்ளைவுட்டை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மேலடுக்கைக் குறுக்காக வைத்து, கீழடுக்கின் இணைப்பு மேல் இணைப்பு விழாமல் திருகாணியால் இறுக்குங்கள். தலை வெளியே துருத்தினால் பாதம் கிழியும். அடியில் ஏறத்தாழ அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குலக் கனமுள்ள கெட்டி ரப்பர் துண்டுகள். வைனில் சுருளை முந்தின இரவே விரித்துவையுங்கள். காலையில் அவசரமாக விரித்து டேப் ஒட்டினால் மதியத்துக்குள் குமிழ் எழும்பி விரல் தடுக்கும். துடைக்க வெறும் தண்ணீர் போதும். ஃபினாயில் படலம் விடும், பவுடர் தூவினால் சறுக்கும்.

இதெல்லாம் ஆகும்வரை குதிப்பை நிறுத்துங்கள். ஒரு விரல்நுனி வைக்கும் இடத்தில் மட்டும் வலி குத்தினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் விரிசலாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேட்காமலே ஒன்று: பவுஷின் 'வசந்தச் சடங்கு' (1975) பார்த்துவிட்டு மேடையில் ஆற்று மணல் கொட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே கொட்டுவது சதுப்புநிலத்துக் கரிமண். மெத்தென்று இருந்தாலும் காலை இழுக்கும், வியர்வையில் அப்பும். ஆடுபவர் களைத்துத் தெரிவதில் பாதி அந்த மண்ணின் வேலை. நம் ஆற்று மணலோ தோலை உரிக்கும். மண்டபத்துக்காரர் முன்பணத்தையும் திருப்பித் தரமாட்டார்.

இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

பவுஷின் வுப்பர்டால் குழு அரசுப் பணத்தில் நடப்பது. ஆடுபவருக்குச் சம்பளம் உண்டு. இங்கே பெரும்பாலும் வேலைக்கு வேலை கூலி. வகுப்பு எடுப்பது, நாடகக் குழுக்களுக்கு உடலசைவுப் பயிற்சி, சினிமா: இவற்றில்தான் வீட்டு வாடகை வரும். பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகளின் நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

எல்லோரும் தவறும் இடம் பட்ஜெட். மேடை நாளுக்கு மட்டும் சம்பளம் எழுதுவார்கள். 4 பேர், 30 நாள் ஒத்திகை என்றால் 120 ஆள்-நாள். தலைக்கு 500 ரூபாய் வைத்தாலும் 60,000. முதல் வரியாக இதை எழுதுங்கள். அரங்க வாடகையை இரண்டு நாளுக்குப் போடுங்கள். லைட் கட்டிப் பார்க்க ஒரு முழு நாள் போகும். விண்ணப்பத்தோடு அனுப்பும் வீடியோ வெட்டாத மூன்று நிமிடமாக இருக்கட்டும். துண்டு துண்டாகத் தைத்த வீடியோவில் எடிட்டரின் திறமைதான் தெரியும்.

எங்கள் கோர்வையை இன்னொரு குழு அப்படியே ஆடியிருக்கிறது. சட்டம் கைகொடுக்குமா?
– வாசகி, சென்னை

எது போனது என்பதைப் பொறுத்தது. ஒரு தனி அடவுக்கோ ஒரு திருப்பத்துக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. கோர்த்த முழுப் படைப்புக்கு முடியும். 1957 பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பில் சேர்க்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். அந்த விளக்கத்திலேயே திரைப்படம் சேராது என்றும் இருப்பதால், வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். அசைவு வரிசை, நிற்கும் இடம், எண்ணிக்கை மூன்றையும் தாளில் எழுதி, தேதியிட்டு, ஆடியவர்களின் கையெழுத்தையும் வாங்கிவையுங்கள்.

2011இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவுண்ட்டவுன்' வீடியோவில் தன் 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' (1983) படைப்பின் அசைவுகள் இருப்பதை பெல்ஜியத்தின் நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் சுட்டிக்காட்டியபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் ஒப்பிட முடிந்தது. பழைய பதிவு தேதியோடு இருந்ததுதான் காரணம். நீங்களும் முதலில் இரண்டு வீடியோவையும் நொடிக்கணக்கில் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அதுவரை ஃபேஸ்புக்கில் சண்டை போட வேண்டாம்.