பலகாரக் கவருக்கு எந்தச் சோதனை கேட்பது?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் போட்டு விற்கிறேன். சிங்கப்பூரில் கடை வைத்திருப்பவர், பலகாரத்திலும் கவரிலும் கெட்ட ரசாயனம் இல்லை என்று லேப் ரிப்போர்ட் கேட்கிறார். ‘எல்லா டெஸ்ட்டும்’ என்று விசாரித்தால் பெரிய தொகை சொல்கிறார்கள். கல்யாண ஆர்டருக்குச் சாயக் கொட்டானிலும் (சாயமேற்றிய ஓலையில் பின்னிய கூடை) வைத்துத் தருகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: ‘எல்லா டெஸ்ட்டும்’ என்று ஒன்று எந்த லேபிலும் கிடையாது. எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் தேடுவார்கள். ஆகவே முதலில் சிங்கப்பூர்க்காரரிடம், எந்தப் பொருள், எந்த வரம்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், உங்கள் சரக்கின் தன்மையிலிருந்து தொடங்கலாம். உங்களுடையது எண்ணெய்ப் பலகாரம், கவலை அங்கேதான்.

கவருக்கு முதல் சோதனை ‘ஓவரால் மைக்ரேஷன்’. பிளாஸ்டிக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு பொருள் உணவுக்குள் இறங்குகிறது என்று பார்ப்பது. இந்தியாவில் இதற்கான முறை ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தரநிலை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பேக்கேஜிங் விதிப்படி உச்ச வரம்பு கிலோவுக்கு 60 மி.கி., அல்லது சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ.க்கு 10 செ.மீ.) 10 மி.கி. சோதனையில் பலகாரத்தை வைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு திரவத்தை வைப்பார்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில். தண்ணீரை மட்டும் வைத்துச் சோதித்தால் கவர் சுலபமாகப் பாஸ் ஆகிவிடும். எண்ணெயில் கரையும் சேர்மானங்கள் தண்ணீரில் இறங்காது. முறுக்கு வகைக்கு ஹெப்டேன் போன்ற கொழுப்புக்கான திரவத்தில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் திரவம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் இல்லாத ரிப்போர்ட் வெறும் காகிதம்.

அடுத்தது தாலேட், பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் ரசாயன வகை. அதில் ஒன்றான டி.இ.எச்.பி.க்கு நம் விதியில் கிலோவுக்கு 1.5 மி.கி. வரம்பு. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் கவர்களை இளக்கமாக்கத் தாலேட் தேவையில்லை, பி.வி.சி.க்குத்தான் அது. பிறகு ஏன் சோதிக்க வேண்டும் என்றால், அச்சு மையிலும் லேமினேஷன் பசையிலும் மறுசுழற்சி பிளாஸ்டிக்கிலும் அது ஒளிந்துகொண்டு வரலாம். அச்சடித்த கவரை ரோலாகச் சுற்றும்போது வெளிப்பக்க மை உட்பக்கத்தில் ஒட்டுவதும் உண்டு. அச்சில்லாத கவரில் தனி லேபிள் ஒட்டினால் இந்தத் தலைவலி பாதி குறையும். கண்ணாடி பாட்டிலில் ஊறுகாயும் போடுகிறீர்கள் என்றால் மூடியின் உள்வளையத்தையும் கேளுங்கள். அது பெரும்பாலும் பி.வி.சி.

மாதிரி அனுப்புவதிலும் சோதனை கெட்டுப்போகும். நீங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ரோலிலிருந்து, அச்சோடு, காலிக் கவர்களாக எடுங்கள். எத்தனை வேண்டும் என்பதை லேபிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வினைல் கையுறை போட்டுத் தொட வேண்டாம்; அதிலேயே தாலேட் இருக்கலாம். இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள்ளும் போடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். மார்க்கர் பேனாவால் கவர் மேல் எழுதாமல், தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

பலகாரத்துக்குக் குறைவாகவே போதும். பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயச் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கடைசி ஈடு எடுத்த பிறகு சட்டியில் இருக்கும் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் அனுப்புங்கள். புது டின் எண்ணெயை அனுப்பினால் ரிப்போர்ட் அழகாக வரும், பயன் இருக்காது. நிலக்கடலை சேர்க்கும் பலகாரம் என்றால் அஃப்ளாடாக்சின் சோதனையையும் கேளுங்கள். இது எங்கோ ஒரு சொத்தைக் கடலையில் குவிந்திருக்கும் பூஞ்சை நஞ்சு. ஒரு கைப்பிடி மாதிரியில் தப்பிவிடும். மூட்டையின் பல இடங்களிலிருந்து நிறைய எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும்.

கொட்டானுக்கு லேபுக்கு முன்னால் ஒரு வீட்டுச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து, கொட்டானின் உட்பக்கத்தில் கனம் வைத்து ஓர் இரவு விடுங்கள். இன்னொன்றைத் தண்ணீரில் நனைத்து அதேபோல். ஏதாவது ஒன்றில் சாயம் ஏறினால் லேபுக்குச் செலவழிக்க வேண்டாம், அதில் அதிரசத்தை நேராக வைக்காதீர்கள். சாயம் ஏறவில்லை என்றாலும் சாயத்தில் இருக்கக்கூடிய ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் பற்றித் துணி எதுவும் சொல்லாது. உட்பக்கம் சாயமில்லா ஓலையில் பின்னச் சொல்வதும், பலகாரத்தைக் கவரில் போட்டுக் கொட்டானில் வைப்பதும் சோதனையைவிட மலிவு. அச்சடித்த செய்தித்தாளை அடியில் விரிப்பது விதிப்படியே கூடாது.

லேப் விஷயம்: பலகாரத்துக்குத் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கவருக்குச் சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், மைசூரில் உணவு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்று கேட்டுப் பார்க்கலாம். லேப்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் அந்தச் சோதனை அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் மகிழ்வதற்கு முன் எல்.ஓ.க்யூ. எண்ணைத் தேடுங்கள். லேப் அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு அது. வரம்பு 1.5 ஆக இருக்க, எல்.ஓ.க்யூ. 5 என்றால் அந்த முடிவு எதையும் நிரூபிக்கவில்லை. இன்னொன்று: ரிப்போர்ட் நீங்கள் அனுப்பிய மாதிரிக்கு மட்டும்தான். கவர்க்காரரையோ, மையையோ, கவரின் தடிமனையோ மாற்றினால் மைக்ரேஷன் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பலகாரத்தைச் சூடாகவே கவரில் போட்டு சீல் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் லேபிடம் சொல்லுங்கள். சூட்டில் இறங்குவது வேறு அளவு, சோதனை வெப்பநிலையும் அதற்கேற்ப மாறும்.